டைரக்ட் கொடுத்தாச்சு

மதுரை செல்லூரில் அந்தக் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் மீட்டர் போர்டு. எண்ணெய்ப் பிசுக்கேறிய தேக்குப் பலகை, ஆறு மீட்டர், அவற்றை ஒட்டிப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பாதிக் கட்டைகளின் ஓரம் கருகிக் கிடக்கிறது. மாடிப்படியின் நாலாவது படியில் உட்கார்ந்தால் போர்டும் தெரியும், அடிபம்பும் தெரியும், தலையைத் திருப்பினால் படி வளையும் இடத்தில் வீட்டுக்காரரின் டிபி பாக்ஸும் தெரியும். நான் உட்காருவது அங்கேதான். கையில் பேப்பர் இருப்பதால் என்னை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஃபியூஸ் போனால் அந்தந்த வீட்டு ஆள் வந்து கட்டையை உருவுவார். அப்போது எட்டிப் பார்த்தால் அந்த வீட்டின் குணம் தெரிந்துவிடும்.

முதல் வீட்டில் இருப்பவர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கட்டையில் மட்டும் முறையான ஃபியூஸ் கம்பி, வெள்ளீயம் பூசிய செம்பு. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர் என்று அட்டையில் சுற்றி விற்பார்களே, அது. இரண்டாம் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வந்த நாளிலிருந்து ஃபியூஸ் அடிக்கடி போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வயரைச் சீவி, செம்புப் பிரி பத்தை முறுக்கிக் கயிறு மாதிரி ஆக்கிக் கட்டிவிட்டார். அதன்பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அந்த வயரில் ஒரு பிரியே 0.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 5 ஆம்பியர் கம்பிக்குச் சமம். பத்தை முறுக்கினால் கட்டை கருகும், சுவருக்குள் ஓடும் வயர் கருகும், பிரி உருகாது. ஐந்தாம் வீட்டில் கல்லூரிப் பையன்கள் நாலு பேர். அவர்கள் கட்டையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். உள்ளே இன்னும் விசேஷம்: ஹீட்டருக்குப் பிளக் கிடையாது. வயரின் இரண்டு முனையையும் சாக்கெட் ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சி செருகியிருக்கிறார்கள்.

நாலாம் வீட்டில் கட்டை இல்லை, கரண்ட் மிஞ்சினால் தானே விழும் எம்சிபி. சித்திரை மாதம் ஏசி மாட்டினார்கள். ஏசியும் இண்டக்‌ஷனும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் 16 ஆம்பியர் எம்சிபி விழுந்தது. கைக்குழந்தை இருக்கும் வீடு. ராத்திரி புழுக்கத்தில் குழந்தை அழுதால் பகுத்தறிவு பேசிக்கொண்டிருக்க முடியாதுதான். மறுநாள் 32 ஆம்பியர் போட்டார்கள். சுவருக்குள் ஓடுவது அதே பழைய 1.5 ஸ்கொயர் வயர். அது தாங்குவது 15 ஆம்பியர் பக்கம்.

ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. கண்மாய் ஓரத்துத் தெருக்களில் தண்ணீர் கட்டிவிட்டது. காம்பவுண்டுச் சுவர்கள் நெஞ்சுயரத்துக்கு ஈரம் இழுத்திருந்தன. மாடியில் வீட்டுக்காரர் வீட்டுக்கு ராத்திரி முழுக்கக் கரண்ட் நிற்கவில்லை. டிபி பாக்ஸில் இருக்கும் ஆர்சிசிபி விழுகிறது. தூக்கிவிட்டால் பத்து நிமிஷம் நிற்கிறது, மறுபடி விழுகிறது. மாடிக்குப் புது இணைப்பு வாங்கியபோது மின்வாரியத்தில் கேட்டார்கள் என்பதற்காக மாட்டிய சாதனம் அது. எதற்கென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. "ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்து வாங்குன சனியன்" என்று அதைச் சொன்னார்.

காலை எட்டரைக்கு எலக்ட்ரீசியன் பையன் வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். நாலாம் வீட்டுக்கு 32 ஆம்பியர் போட்டுக் கொடுத்ததும் இவன்தான். கெட்ட பையன் இல்லை. போன் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடித்தது. மழை நாளில் செல்லூர் முழுக்க இவனைத் தேடுகிறது.

"தம்பி, இந்த ஸ்விட்சு கெட்டுப்போச்சுடா. வேற போடணுமா?"

"புதுசு வேணாம்ணே. பாத்துக்கிறேன்."

மூடியைக் கழற்றினான். ஆர்சிசிபிக்கு மேலே இரண்டு வயர் வருகிறது. கீழே இரண்டு வயர் வீட்டுக்குள் போகிறது. கீழே போகும் இரண்டையும் கழற்றி, மேலே வரும் இரண்டோடு அதே திருகில் சேர்த்து முடுக்கினான். மூடியைப் போட்டான். லிவரைத் தூக்கிவிட்டான். வீடு முழுக்க வெளிச்சம்.

"டைரக்ட் கொடுத்தாச்சுண்ணே. இனி விழுகாது."

ஏழெட்டு நிமிஷ வேலை. இருநூறு ரூபாய். வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கொடுத்தார், காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார். பையன் நிற்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் விளக்கு எரிந்தால்தான் கூலி. எங்கே கசிகிறது என்று ஒரு மணி நேரம் இருட்டில் தேடுகிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் டிபி பாக்ஸ் நல்ல ஆரோக்கியமாக இருந்தது. ஆர்சிசிபி இருக்கிறது, லிவர் மேலே இருக்கிறது, பக்கத்தில் T என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கிறது. கரண்ட் மட்டும் அதன் வழியாகப் போகவில்லை.

அந்தச் சாதனத்தின் வயிற்றுக்குள் ஒரு வளையம். வீட்டுக்குள் போகும் ஃபேஸும் திரும்பி வரும் நியூட்ரலும் அந்த வளையத்துக்குள் நுழைந்துதான் போகின்றன. போனது அத்தனையும் திரும்பி வந்தால் அது சும்மா இருக்கும். வழியில் ஈரச் சுவரிலோ ஓர் உடம்பிலோ கொஞ்சம் இறங்கி மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும், லிவர் விழும். வீடுகளுக்குப் போடுவது 30 மில்லியாம்பியர் கணக்கு. பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு இழுப்பதில் ஏறக்குறைய பாதி. அந்த அளவு கசிந்தால் 0.3 விநாடிக்குள் துண்டித்தாக வேண்டும். எம்சிபிக்கு இந்த வித்தை தெரியாது. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லியாம்பியர் வரைக்கும் அது வாயைத் திறக்காது. ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு தாராளம். எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்கு, ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுவதற்கு. ராத்திரி முழுக்க அது விழுந்துகொண்டிருந்தது கெட்டுப்போனதால் இல்லை.

ஒன்பதரை மணிக்கு மழை விட்டது. மூன்றாம் வீட்டு அக்கா வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே வாஷிங் மெஷினுக்காகத் தகர ஷீட் போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. அதன் அடியில் கம்பிக்கொடி. கொஞ்ச நேரத்தில் பாதி வாளியோடு இறங்கி வந்தார்.

"கை சுள்ளுங்குது அத்த. கொடியத் தொட்டா என்னமோ பண்ணுது."

"மழ ஈரமில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்கார அம்மா, கீரை ஆய்ந்தபடி. அக்காவும் அதை ஒப்புக்கொண்டு மிச்சத் துணியைத் திண்ணை நிழலில் விரித்தார். பேப்பரில் எட்டாம் பக்கத்தின் அடியில் மழைக்காலம் தோறும் வரும் ஒற்றைப் பத்திச் செய்தி இப்படித்தான் தொடங்குகிறது. மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் நாடு முழுக்க 2021இல் 12,000 பேருக்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. 2022லும் அப்படித்தான்.

பள்ளிக்கூடம் மழை விடுமுறை. வீட்டுக்காரரின் பேரன் படியில் விளையாடிக்கொண்டிருந்தான். டிபி பாக்ஸ் அவன் கைக்கு எட்டும் உயரம். T பொத்தானை அழுத்தினான். டப்பென்று லிவர் விழுந்தது. அவன் பயந்துபோய் வீட்டுக்குள் ஓடினான். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, டிவி பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஸ்விட்ச் விழுந்திருச்சு, ஆனா கரண்ட் போகல!"

அவன் அம்மா வந்து பார்த்தாள். லிவரைத் தூக்கினாள். பொத்தானை அழுத்தினாள். லிவர் விழுந்தது, தலைக்கு மேலே படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை. அதேதான். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியல் படித்தவள். மாமனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வீட்டு ஃபிட்டரிடம் போய் ஏதோ பேசினாள். அவர் யாருக்கோ போன் போட்டார்.

ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். அரசாங்கத்தின் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய மனிதர். சட்டைப்பையில் ஃபியூஸ் கம்பி அட்டை, தோளில் ரெக்ஸின் பை, பைக்குள் இன்சுலேஷனைச் சோதிக்க, கையால் சுற்றும் மெகர். இப்போதெல்லாம் அந்தச் சாமானைப் பார்ப்பதே அரிது.

டிபி மூடியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யார் செய்தது என்று கேட்கவில்லை. மெயினை நிறுத்தினார். மேலே முடுக்கியிருந்த இரண்டு வயரையும் பிரித்துக் கீழே பழைய இடத்தில் சேர்த்தார். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு மெயினைப் போட்டு, ஆர்சிசிபியைத் தூக்கினார். நின்றது. "நல்லவேளை" என்றார் தனக்குத்தானே. நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தால் எம்சிபியை இறக்கினாலும் இது விழும். அப்போது ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றித் தேட வேண்டும், அரை நாள் வேலை.

ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றினார். ஹால் நின்றது. அடுப்படி நின்றது. கீசர் இருக்கும் குளியலறை மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம், அதுவும் நின்றது. மொட்டைமாடி என்று பேனாவால் எழுதியிருந்த எம்சிபியைத் தொட்டு ஏற்றினார். ஆர்சிசிபி விழுந்தது.

அதை இறக்கிவைத்துவிட்டு மாடிக்குப் போனார். வீட்டுக்காரர், மருமகள், பேரன், மூன்றாம் வீட்டு அக்கா என்று எல்லோரும் பின்னால் ஏறினார்கள். நானும் ஏறினேன்.

சாய்ப்பைத் தாங்குவது இரண்டு இரும்புக் குழாய்கள். வாஷிங் மெஷினுக்கான வயர் ஒரு குழாயோடு ஒட்டி வந்து, பாதியில் ஒரு ஒட்டுப் போட்டு, மேலே டேப் சுற்றி, கட்டுக்கம்பியால் குழாயோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. எப்போதோ, யாரோ செய்த ரிப்பேர். மழையில் டேப் நெகிழ்ந்து வழிந்திருந்தது. கட்டுக்கம்பி வயரின் தோலுக்குள் இறங்கியிருந்தது. துணி காயப்போடும் கம்பிக்கொடியின் ஒரு முனையும் அதே குழாயில்தான் கட்டியிருந்தது.

பெரியவர் மெஷினைக் கழற்றிவிட்டு, மெகரின் ஒரு முனையை வயரிலும் மறுமுனையைக் குழாயிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். நல்ல வயரிங் என்றால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. மறுமுனையைக் கொடிக்கு மாற்றிச் சுற்றினார். அங்கேயும் பூஜ்யம்.

"இதுல யாரும் காலைல துணி போட்டீகளா?"

"நான்தான்" என்றார் அக்கா. "கை சுள்ளுன்னுச்சு."

"செருப்பு போட்டிருந்தியா தாயி?"

"போட்டிருந்தேன்."

பெரியவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரரின் முகம் மாறியது. எட்டரையிலிருந்து பதினொன்று வரைக்கும் கொடியைத் தொட்டவருக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் செருப்பைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை என்பது அவருக்குப் புரிய அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வயரை மொத்தமாக அறுத்தெடுத்தார் பெரியவர். புது வயரைப் பிவிசி பைப்புக்குள் விட்டு, குழாயைத் தொடாமல் சுவரோரமாகக் கொண்டுபோனார். நடுவில் ஒட்டு இல்லை. கம்பிக்கொடியை அவிழ்க்கச் சொல்லி நைலான் கயிறு கட்டச் சொன்னார். இரும்புக் குழாய்களையும் எர்த்தோடு இணைத்தார். கீழே வந்து எல்லாவற்றையும் ஏற்றினார். ஆர்சிசிபி நின்றது. பிறகு T பொத்தானை அழுத்தினார். லிவர் விழுந்தது, வீடு முழுக்க இருட்டு. பேரன் கைதட்டினான்.

சாமானோடு சேர்த்து ஆயிரத்து நூறு கேட்டார். மொட்டைமாடியில் மாறிய முகம் கணக்கு என்று வந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

"காலைல அந்தத் தம்பி இருநூறுல முடிச்சானேண்ணே."

"அவன் கரண்ட்டு குடுத்தான். நான் கசிவ எடுத்தேன். ரெண்டும் வேற வேலைங்க."

மருமகள் உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து மாமனாரைப் பார்க்காமல் பெரியவர் கையில் கொடுத்தாள்.

கிளம்புகிற மனிதர் மீட்டர் போர்டு முன்னால் நின்றுவிட்டார். மீட்டருக்கு முன்னால் சீல் வைத்திருப்பவை வாரியத்துச் சொத்து; அவற்றின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. மற்றவற்றைக் குனிந்து பார்த்தார். "பசங்களா, ரெண்டு நிமிஷம் கரண்ட்ட நிப்பாட்றேன்" என்று குரல் கொடுத்து ஐந்தாம் வீட்டுக் கட்டையை உருவினார். வெள்ளித்தாளைப் பிரித்துப் பார்த்தார். கோபப்படவில்லை, லேசாகச் சிரித்தார். பையிலிருந்த அட்டையில் கம்பி எடுத்துக் கட்டினார். உள்ளே போய்த் தீக்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூணு பின் பிளக் ஒன்று வாங்கி மாட்டச் சொன்னார். மூன்றாவது பின் நுழையவில்லை என்று அதை அறுத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஏற்கெனவே யாரோ அறுத்ததைப் பார்த்த மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

இரண்டாம் வீட்டுக் கட்டையிலிருந்து பத்துப் பிரிக் கயிறு வெளியே வந்தது. வீட்டு ஆள் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி எதிர்ப்புச் சொன்னார். "மறுபடி போக ஆரம்பிச்சிருமே?"

"போகும்மா. அடுப்பு 2,000 வாட்ஸ். அதுக்குத் தனியா லைன் இழுக்கணும். அதுவரைக்கும் அடுப்பு எரியிறப்ப வேற எதையும் போடாதீக. போனா இந்தக் கம்பி போகட்டும், பத்து ரூவா. சுவத்துக்குள்ள இருக்க வயர் போச்சுன்னா வீடு போகும்."

அந்த அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. கட்டையில் புதுக் கம்பியைக் கட்டி மாட்டினார் பெரியவர்.

நாலாம் வீடு பூட்டியிருந்தது. எம்சிபியில் 32 என்று இருந்ததை விரலால் தொட்டுக்காட்டி, ஏசிக்கு 4 ஸ்கொயரில் தனி வயர் போட வேண்டும், பழைய லைனில் பழையபடி 16 இருக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரரிடம். "அவுக குடியிருக்கிற வீடு, அவுக செலவு. வந்தா சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர். குடியிருப்பவரைக் கேட்டால் வீடு யாருடையது என்பார். வாடகை வீடுகளில் வயருக்கு அப்பா அம்மா கிடையாது. அந்த 32 இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

எக்ஸ்எல்லை உதைக்கும் முன் பெரியவர் மருமகளிடம் மாதம் ஒரு தடவை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அவள் சமையலறை காலண்டரில் ஒவ்வொரு மாதத்து முதல் தேதியிலும் T என்று எழுதி வைத்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் எழுந்துபோய் வீட்டு டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் இருந்தால் முதலில் நிறுத்திவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால், அதில் ஓடும் விளக்கும் ஃபேனும் எப்படியும் நிற்காது. அதில் சேராத ஒரு விளக்கையோ ஃபேனையோ போட்டுவைத்துக்கொண்டு ஆர்சிசிபியின் T பொத்தானை அழுத்துங்கள். லிவர் விழாவிட்டால் பெரும்பாலும் சாதனம் போயிருக்கும், சோதித்து மாற்றச் சொல்லுங்கள். லிவர் விழுந்தும் அந்த விளக்கு அணையாமலோ ஃபேன் நிற்காமலோ இருந்தால் உங்கள் வீட்டிலும் யாரோ டைரக்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சான்றிதழ் உள்ள ஒருவரை அன்றைக்கே கூப்பிடுங்கள், அவர் கசிவைத் தேட எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.